ஐந்து புள்ளி நான்கு

செர்த்திங் பாலம் மூழ்கியதில்
ஹாசிமின் லோரி இரண்டு இரவு அக்கரையில் நின்றது.
பதினோரு டன் செம்பனைக் குலை.
மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேல் மழை.
மூன்றாம் நாள் ஆலை வாசலில் கொட்டியபோது
நசுங்கிய பழத்தின் வாடை
பகாவ் பேருந்து நிலையம் வரை போனது
என்றாள் வனஜோதி.
அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள்.

கூம்புக் குடுவையில் இளஞ்சூட்டு ஆல்கஹால்,
அதில் ஐந்து கிராம் எண்ணெய்,
பினாப்தலின் சில சொட்டு.
பியூரெட்டின் திருகைத் தொட்டும் தொடாமலும் திருப்புகிறேன்.
காரம் ஒரு சொட்டு.
ரோஜா நிறம் வந்து கலைகிறது.
இன்னொரு சொட்டு. கலைகிறது.
இன்னும் அரைச் சொட்டு.
முப்பது வரை எண்ணுகிறேன். நிற்கிறது.

ஐந்து புள்ளி நான்கு.
ஐந்தைத் தாண்டினால் விலையில் கை வைப்பார்கள்.

"யார் செய்த வேலை?" என்கிறார் மேனேஜர் யாப்.

பழம் செய்த வேலை.
ஒரே சதைக்குள் எண்ணெய் ஓர் அறையில்,
லிப்பேஸ் பக்கத்து அறையில்.
நடுச்சுவர் இருக்கும்வரை ஒருவர் இருப்பது
மற்றவருக்குத் தெரியாது.
குலை விழுந்து நசுங்கினால் சுவர் இல்லை.

தண்ணீரில் மூடி போட்டுக் கிடக்கும் நொதி
எண்ணெயின் விளிம்பைத் தொட்டதும் மூடி விலக்குகிறது.
உள்ளே ஒரு குழி.
பூட்டும் சாவியும் என்று பள்ளியில் எழுதி
பத்துக்கு எட்டு வாங்கினேன்.
பூட்டு இப்படி நெளியாது.
நெரிசல் பஸ்ஸில் நாம் உட்கார உட்கார
பக்கத்து ஆள் இடுப்பை ஒதுக்குவாரே,
அந்த நெளிவு.

எண்ணெய்க்கு மூன்று வால்.
நீரின் ஒரு மூலக்கூறைக் கத்தியாக வாங்கி
ஒரு வாலை அறுக்கிறது, விடுகிறது,
அடுத்ததை இழுக்கிறது.
அறுந்த வால்தான் என் குடுவையில் புளிப்பு.

இது தானாகவும் நடக்கும்,
நாமெல்லாம் போன பிறகு.
நடுவே மலை அவ்வளவு உயரம்.
நொதிக்குக் கணவாய் தெரியும்.
சேரும் ஊர் அதே ஊர்தான்,
சேரும் நாள்தான் வேறு.

"நீராவியில் போட்டாயிற்றே" என்கிறார் யாப்.
"நாலு புள்ளி ஒன்பது என்று போடேன்."

போட்டாயிற்று. மூன்று பார், தொண்ணூறு நிமிடம்.
நனைந்து விரிந்த காகிதக் கப்பல் மாதிரி
நொதி மடிப்பு குலைந்து கிடக்கும்.
தாள் அதே தாள். மிதக்காது.
ஆனால் நீராவி
அறுந்த வாலை ஒட்டவைக்காது, மிஸ்டர் யாப்.

ஐந்து புள்ளி நான்கு என்றே எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில்: பாலம் மூழ்கியது.
கண்ணாடிக்கு வெளியே ஹாசிம்,
ஆறிப்போன கோப்பியைக் கையில் வைத்தபடி
என் பேனாவையே பார்த்துக்கொண்டு.

எத்தனை ஆயிரம் அறுத்தாலும்
நொதி போனபடியே திரும்பி வரும்.
எனக்குப் பதினாறு வருடக் காரம்.
வாசலில் வருகைப் பதிவு இயந்திரத்தில்
கட்டைவிரலை வைக்கிறேன்.
சிவப்பு.
துடைத்து வைக்கிறேன். சிவப்பு.
நேபாளக் காவலர் தீபக்
எதுவும் கேட்காமல் நோட்டைத் திறந்து
என் பெயரைக் கையால் எழுதுகிறார்,
இன்றும் ஓர் எழுத்து பிழையாக.