பச்சை ஏறும் பட்டை

முர்காபிலிருந்து ஹோரோக் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
காகிதத்தில் அவ்வளவுதான்.
மார்ச் மாதத்தில் அது எவ்வளவு என்று
என் ஜீப்பின் இரண்டாவது கியரைக் கேளுங்கள்.

நான் டிரைவர். மருத்துவம் தெரியாது.
ஆனால் பதினோரு வருஷமாய்
பின்சீட்டில் செவிலி ஜூரா சொல்வதெல்லாம்
முன்சீட்டில் என் காதில்தான் விழுகிறது.

வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டதா, ஒரு கோடு.
போன பிள்ளை பால்குடி மறக்குமுன் அடுத்ததா, இன்னொன்று.
முன்பு வயிற்றைக் கிழித்த தழும்பு,
முன்பு பிறந்து அழாத பிள்ளை,
வெளிறிய நகம், மோதிரம் கழலாத விரல்.
அனார்கானின் அட்டையில் சிவப்பு மையில் ஆறு கோடு.
ஆறாவதை ஊரில் எல்லோருக்கும் போட்டுவிடுகிறாள் ஜூரா:
மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
"இந்த உயரத்தில் குடியிருப்பதே ஒரு கோடு."

எனக்கு ரோஷம் வந்தது.
இதே காற்றில்தான் என் தாய் ஒன்பது பெற்றாள் என்றேன்.
"இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"
நான் இறங்கிப்போய்க் கண்ணாடியைத் துடைத்தேன்.

கணவன் ஜோல்தோஷ் மூன்று நாள் கேட்டான்.
தம்பி கல்யாணம் முடியட்டும், ஒரு யாக் விற்கட்டும்,
பெட்ரோலுக்கு ஆகும். தலைவலிதானே,
உப்புத் தேநீர் குடித்துப் படுத்தால் போகும்.
அனார்கான் சண்டை போடவில்லை.
"கண்ணுக்குள் யாரோ வெல்டிங் வைக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு
தானே வந்து
ஜீப்பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.
ஒரு போர்வை. ஒரு மூட்டை. செருப்புக்குள் நுழையாத கால்கள்.

இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி.
இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து
நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து என்றாள் ஜூரா,
வேக எல்லையைச் சொல்வது போல.

அலிச்சூர் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார்கள்.
உள்ளங்கை ஓரத்தால் அனார்கானின் முழங்காலைத் தட்டினாள் ஜூரா.
கால் துள்ளியது.
"நல்லது, மருந்து மிஞ்சவில்லை."
பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு இருவரும் வண்டிக்குப் பின்னால் போனார்கள்.
நான் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
பார்க்க வேறெதுவும் இல்லை.

"டார்ச்சைப் பிடி."
மெல்லிய பட்டை. மஞ்சளாய் இருக்க வேண்டியது
பச்சையானது.
புட்டியின் மேலுள்ள கட்டங்களோடு ஒட்டிப் பார்த்தோம்.
இளம்பச்சை இல்லை. அடுத்ததும் இல்லை.
கடைசிக் கட்டத்தில் போய் நின்றது.

எங்கள் ஊரில் பச்சை என்றால் ஜூன்.
ஆடு குட்டியோடு ஆற்றோரம் இறங்கும், தயிர் கெட்டிப்படும்.
எட்டு மாதம் காத்திருந்தால் ஆறு வாரம் கிடைக்கும் நிறம்.
அதைப் பார்த்து என் கை நடுங்கியது
அன்றைக்குத்தான்.

கொய்தெசெக் கணவாயில் வண்டி இருமுறை வழுக்கியது.
அட்டையில் இதற்குக் கோடு உண்டா என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.
ஜூரா அவள் வயிற்றில் குழலை வைத்து
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணிக்கை தப்பக்கூடாதென்று
நான் எஞ்சினைக்கூட அணைத்துவிட்டேன், அந்தக் குளிரில்.
மறுபடி கிளம்புமா என்று யோசிக்காமல்.

கிளம்பியது.
ஜெலோண்டிக்குக் கீழே காற்று கனக்கத் தொடங்கும்,
காது அடைத்துத் திறக்கும்.
அனார்கான் முனகினாள்: "இங்கே மூச்சு மலிவாய்க் கிடைக்கிறது."

ஹோரோக்கில் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.
இரவு பிள்ளையை எடுத்தார்கள். ஆயிரத்து எண்ணூறு கிராம், பெண்.
ஒரு கிலோ எண்ணூறு வெங்காயம் எவ்வளவு வரும் என்று
சந்தையில் கையில் ஏந்திப் பார்த்தேன்.
கடைக்காரன் வாங்குவாயா மாட்டாயா என்றான்.

அவள் கண் விழிக்க இரண்டு நாள் ஆனது.
முதலில் பிள்ளையைக் கேட்டாள்.
அடுத்து, பெட்ரோலுக்கு யார் கொடுத்தது என்று.
ஜூரா அட்டையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்,
நிமிரவேயில்லை.