இடப்பக்கம், மூன்றாம் வரிசை

லாமிங்டன் ரோடு. கிரித்பாய்
ஹெட்போனைச் சட்டையில் துடைத்து மாட்டிவிட்டார்.
நாலு வருஷமாய்க் கேட்கிற அதே வயலின்,
அதே கல்யாணி.
ஆலாபனை நடுவே, இடப்பக்கம்
மூன்றாம் வரிசையில் யாரோ இருமுகிறார்.
அதற்குமுன் அதை அடக்கப் பார்த்ததும்
கேட்கிறது.

பதினெட்டாயிரம்.
பழையதைக் கொடுத்தால் எழுநூறு கழிவு.
ஓர் இருமலுக்கா?
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
அந்தக் குரலையும் துல்லியமாகக் கேட்டவர்போல்
ஒயரைச் சுருட்டி வைத்தார்.

ஏழே முக்கால் கல்யாண் லோக்கல்.
விசிறி கடகடக்க, யார் முழங்கையோ விலாவில்,
பழைய பிளேயரைத் தட்டினேன்.
அந்த இடம் வந்தது.
இருமல்!
இத்தனை நாள் எங்கிருந்தாய்?
பின்னால் தள்ளிக் கேட்டேன்.
மறுபடி இருமல்.
இந்த முறை பக்கத்து ஆள்
வாயைப் பொத்திக்கொண்டு
கண்ணால் மன்னிப்புக் கேட்டார்.

காட்கோபரில் அவர் இறங்கட்டும்.
பிறகு முடிவு.