முன்வரிசை, மூன்றாவது நாற்காலி

டண்டீ நகரத்தில் ஒரு மதுக்கடையின் நிலவறை.
வியாழன் இரவு. அறுபத்திரண்டு நாற்காலி,
மழையில் நனைந்த கோட்டுகளின் வாடை.
பின்சுவரோரம் என் மேசை.
ஒலிக்கு ஆறு திருகு, ஒளிக்கு நான்கு விசை.
மேடையில் பேசுகிறவர்கள் என்னைப் பார்ப்பதில்லை.
வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று
விரலால் காட்டுவார்கள். விழும்.

மோர்வன் காட்டினாள்.
முன்வரிசை, மூன்றாவது நாற்காலி.
பேர் ஸ்ட்ரூவன்,
பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிற வேலை.
"தனியாவா வந்தே, ராசா?"
தங்கை டிக்கெட் வாங்கித் தந்தாள் என்றான்.
அது போதும் அவளுக்கு.
இறங்கி வந்தாள், மடியில் உட்கார்ந்தாள்,
அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
தன் சட்டைக் கழுத்துக்குள் செருகினாள்.
"எடுத்துக்கோ. கை இருக்குல்ல?"
அறை உடைந்து சிரித்தது.

அவனும் சிரித்தான். அதை நான் மறைக்கக் கூடாது.
வாய் சிரித்தது.
கைகள் இரண்டும் தோளுக்கு மேலே
விரிந்தபடி நின்றன,
ஈரப் பெயின்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டவன் போல,
எதிலும் பட்டுவிடாமல்.
என் விளக்கு அந்தக் கைகளை
மேடைத் திரையில் ஆள் உயரத்துக்கு வரைந்தது.
அதற்கும் சிரித்தார்கள்.

போன மாதம் இதே அறையில்
இன்னஸ் என்றொருவன்
முன்வரிசைப் பெண்ணின் கூந்தலை
ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தான்.
"நிஜமா, சவுரியா?"
அறுபது பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.
யாரோ "ஏய்" என்றார்கள்.
குவளைக்குள் ஐஸ் கட்டி புரண்டது
பின்சுவர் வரைக்கும் கேட்டது.
மறுநாள் பட்டியலில் அவன் பெயர் இல்லை.
சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சரிதான் என்பேன்.

அந்த "ஏய்" எங்கே போயிற்று என்று
இருட்டில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன்.
என் தொண்டையிலும் அது இல்லை.

இடைவேளையில் அவன் பார் ஓரம் நின்றான்.
கண்ணாடி இல்லாத கண்ணுக்கு
நான்தான் அவளாகத் தெரிந்திருப்பேன்.
"ரொம்ப நல்லா இருந்தது" என்றான் முதலில்.
பிறகு, "என் கண்ணாடி."

பின்னறையில் மோர்வன் ஷூ நாடாவை
அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.
"அட, அவனுக்குப் பிடிச்சிருந்ததே."

இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.
அபர்டீனில் ஒரு காட்சி முடிந்து
தெருவில் எவனோ இடுப்பை வளைத்துப் பிடித்து
மேடையில் அப்படியெல்லாம் பேசுறவதானே என்றது;
புகார் எழுதிக்கொண்ட அதிகாரி
பேனாவை நிறுத்தி, இதுவும் ஜோக்கா என்றது;
எல்லாவற்றையும் ஏழு நிமிடமாக்கி
ஊர் ஊராகச் சிரிக்கவைக்கிறாள்.
அந்த ஏழு நிமிடத்துக்கு மட்டும்
வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

இதைச் சொல்லலாமா என்று நின்றேன்.
அவிழ்ந்து முடிந்த நாடாவை
அவள் இன்னும் அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.
"ஆறடி ஆம்பிளை. நான் உக்காந்தா என்ன ஆயிடும்?"
"தெரியல. கை மேலேயே இருந்தது."
கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.
அவள் உடம்புச் சூடு இருந்தது அதில்.
என் சட்டையில் துடைத்து, ஆறவிட்டு,
அப்புறம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளி இரவு.
முன்வரிசை, ஐந்தாவது நாற்காலி,
கம்பளிச் சட்டை, வழுக்கைத் தலை.
விரல் நீண்டது.
நான் விசையைத் தொடவில்லை.

இருட்டில் இறங்கத் தெரியாமல்
ஒரு காலை நீட்டித் தரையைத் தேடினாள்.
பிறகு விளிம்பிலேயே நின்று,
வழக்கமான குரலில் இல்லாமல்,
"வரட்டுமா?"
"வேணாங்க" என்றார் யாரோ. அவராகத்தான் இருக்கும்.
பத்துப் பேர் சிரித்திருப்பார்கள். நேற்றுப்போல் இல்லை.

முடிந்ததும் நேரே என் மேசைக்கு வந்தாள்.
"விளக்கு போயிடுச்சா?"
"இல்ல" என்றேன்.