ஓடுதளத்தில் மூன்றாம் கியர்

சண்டைக்குப் போட்ட தளம்.
முடிந்ததும் வெள்ளைக்காரன்
கொடிக்கம்பத்தையும் காற்றுப் பையையும்
கழற்றிக்கொண்டு போனான்.
கான்கிரீட்டைச் சுருட்ட முடியவில்லை.

தற்போதைய சேவைகள்:
விடியலில் பண்ணை மாடுகள் வருகை.
ஏழரைக்கு
சேவுகன் டிரைவிங் ஸ்கூல் புறப்பாடு
(மழை பெய்தால் ரத்து).

கானாடுகாத்தான் வள்ளிக்கண்ணு
மூன்றாம் கியர் போடுகிறாள்.
விரிசலில் முளைத்த ஆவாரை
பம்பரில் உரசி மஞ்சள் பூசுகிறது.

நேற்று சர்வேயர்கள் வந்து
சிவப்புப் பெயிண்டில் எண் எழுதினார்கள்.
விமானம் வருமாம்.
போன தடவை எழுதியதை
மழைதான் படித்தது.

செம்மண் பக்கத்தில் வந்துவிட்டது.
தளம் தீரப்போகிறது.
"பிரேக்கும்மா, பிரேக்கு!"
சேவுகன் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்கிறார்.

முள்ளு அறுபதைத் தாண்ட,
வள்ளிக்கண்ணு சொல்கிறாள்:
"இன்னும் தரையிலதான சார் இருக்கோம்."