தவறணை

முதலில் மூன்று இலை.
ஓரம் மேல்நோக்கி மடிந்து
கரையில் ஏற்றிவைத்த தோணிபோல்.
இருபத்தாறாம் நாள், விடிய ஐந்தரைக்கு,
பூவாளியோடு குனிந்தபோது கண்டேன்.
கண்டேன் என்பதை
இன்றுதான் எழுதுகிறேன்.

களுதாவளை மணலுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.
ஊற்றிய தண்ணீர் எங்கே என்று கேட்டால்
கிணற்றைக் காட்டும்.
எனக்குத் தெரியும்.
மூன்று கன்றையும் கிள்ளி
மடியில் முடிந்துகொண்டு
வாளித் தண்ணீரில் கால் கழுவினேன்.

அந்தக் கிழமைதான் மோட்டர் எரிந்தது.
கொயில் சுற்ற எட்டாயிரம் என்றான் வினோகரன்,
விலை சொல்லும்போது மட்டும்
நிமிர்ந்து பார்க்கிறவன்.
கொச்சிக்கன்று ஒன்று நாலு ரூபாய்.
தவறணையில் நின்றது இரண்டாயிரம்.
கணக்கு தானாகவே சரிவந்தது.

யோகமலர் லாண்ட்மாஸ்டரில் வந்து ஏற்றினாள்.
தட்டுத் தட்டாக, ஈரச்சாக்கு போர்த்தி.
பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோகிறமாதிரி
பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னாள் தம்பியிடம்.
"நல்ல கன்று கா, உங்கட கைராசி."
நான் காசை எண்ணினேன்.
இரண்டு தரம்.

வெண் ஈ இலையின் அடியில் குடியிருக்கும்.
மேலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் பச்சை.
செடியை உலுப்பினால்
அடுப்புச் சாம்பல் ஊதியதுபோல் எழும்பி
அதே இலைக்குத் திரும்பி வரும், அல்லது
அடுத்த வளவு இலைக்கு.
அதன் எச்சிலில் இருப்பதற்கு
உயிர் உண்டா இல்லையா என்று
படித்தவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லையாம்.
என் கிடுகுவேலி அதற்கு
எழுத்தறியாதவன் கையில் கொடுத்த காணி உறுதி.

மாசி பிறக்குமுன்
யோகமலரின் பாத்தி கையை மூடிக்கொண்டது.
இலை சிறுத்து, கணு நெருங்கி,
பூ விரியாமலே கொட்டி.
காய்த்த ஒன்றிரண்டும் கூனல்.
மறுகா, அழகுதுரையின் தோட்டம்.
மறுகா, கோயில் வளவுக்குப் பின்னால்
நிமலகாந்தனின் கறிமிளகாய்,
வங்கிக் கடனில் நட்டது.
மறுகா, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம்,
எனக்குப் பெயர் தெரியாதவர்கள்.

போதனாசிரியர் மோட்டர்சைக்கிளில் வந்தார்.
மஞ்சள் அட்டையில் கிறீஸ் பூசி
கம்பில் தொங்கவிட்டார்.
மஞ்சளென்றால் ஈ மயங்குமாம், ஒட்டிக்கொள்ளுமாம்.
அவருடைய மஞ்சள் சேர்ட்டின் முதுகில்
முப்பது நாற்பது இருந்தன.
காலையிலிருந்து ஏழு தோட்டம் நடந்தவர்,
இன்னும் நாலு தோட்டம் போகவேண்டியவர்.
நான் சொல்லவில்லை.
சொல்லாமல் விடுவது
பழகிப்போயிருந்தது.

"வந்தால் மருந்தில்லை, பிடுங்கத்தான் வேணும்.
கன்று எங்க எடுத்தது?"

யோகமலர் என் பக்கம் பார்க்கவில்லை.
கடல் பக்கம் பார்த்தாள்.
"சோளகத்தோட வந்திருக்கும், ஐயா."

மாசியில் ஏது சோளகம்.
வாடைதான் அப்போதும் வீசிக்கொண்டிருந்தது,
அவளுடைய சேலைத்தலைப்பை
என் வளவின் திசையிலிருந்து தள்ளியபடி.
அவர் ஊர் வேறு.
காற்று என்று எழுதிக்கொண்டார்.

பிடுங்கினோம்.
அவளுடையதை நானும், என்னுடையதை அவளும்.
யார் முதலில் வேலி தாண்டியது என்று நினைவில்லை.
மணலில் வேர் சத்தமில்லாமல் கழன்று வரும்,
அது ஒரு வசதி, அது ஒரு கேடு.
யூரியாப் பைகளில் அடைத்து வாய் கட்டினோம்.
பதினேழு பை.
விரலெல்லாம் எரிந்தது.
மூக்கில் வியர்வை இறங்கியும்
முகத்தைத் தொடாமல் நின்றேன்.

வேர்வரை வந்துவிட்டது வார்த்தை.
"யோகம், அந்தக் கன்று..."

அவள் பையொன்றைத் தூக்கித் தோளில் போட்டாள்.
"அடுத்த போகத்துக்கு வலை கட்டிப் போடுங்க கா.
எனக்கு இரண்டாயிரம்.
காசு மறுகாத்தான்."

இப்போது மாலை.
மோட்டரைப் போட்டுப் பார்த்தேன்.
வெறும் பாத்திகளில் தண்ணீர் ஓடி
ஓடியபடியே மணலுக்குள் இறங்குகிறது.
இரைச்சல் இல்லை, உதறல் இல்லை.
வினோகரன்
நன்றாகத்தான் சுற்றியிருக்கிறான்.