மூன்றாம் தசமம்

போன ஞாயிறு என் சாவிக்கொத்து ஆற்றில் விழுந்தது.
நாற்பது கிராம் இருந்தால் அதிகம்.
ஒரு குமிழிகூட விடாமல் போய்விட்டது.
இன்று அதே ஆற்றில், அதே இடத்தில்,
ஐம்பதாயிரம் டன் இரும்பும் சோயாவும்
பசியாறிய எருமைபோல் நிற்கிறது.
நான் படகோட்டி. எனக்குக் கணக்கு வராது.
ஆனால் இந்த அநியாயம் தெரிகிறது.

நெலிதா ஃபெரேய்ராவைக் கப்பலைச் சுற்றி
அழைத்துப் போவது என் வேலை.
முன்னே, நடுவே, பின்னே,
இருபுறமும் எண்களைப் படிப்பாள்,
அலை ஏறி இறங்கும்வரை மூச்சடக்கி.
பிறகு வாளி.
பரானா ஆறு பால் குறைந்த தேநீர் நிறம்;
வாளிக்குள் ஓர் ஆகாயத்தாமரை இலை மேலே,
ஒரு பிடி மணல் கீழே,
நடுவில் அவளுடைய கண்ணாடித் திரவமானி
இரண்டு முறை தலையாட்டிவிட்டு
ஒரு முடிவுக்கு வருகிறது:
ஒன்று, புள்ளி, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"மேலே மழை, ஆறெல்லாம் சேறு" என்றார் ஒஸ்வால்தோ,
விற்பவர் தரப்பு ஆள், சட்டையில் இஸ்திரி மடிப்பு.
"மூன்றாம் தசமத்தில் ஓர் ஐந்து போட்டால் என்ன?
தண்ணீர் வந்தா சாட்சி சொல்லப்போகிறது?"

ஐந்து என்றால் இருநூற்றைம்பது டன்.
எட்டு லாரிச் சோயா,
எந்த வயலிலும் விளையாதது.

அவள் பதில் சொல்லவில்லை.
வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.
அவர் குனிந்தார். கண்ணாடியில் மூச்சுப் படிந்தது.
துடைத்தார். மறுபடி குனிந்தார்.
திரவமானிக்கு அவரைத் தெரியாது.
எழுந்தபோது முழங்காலில் மட்டும் மடிப்பு கலைந்திருந்தது.

மதியம் படகிலேயே சாப்பாடு.
சாலட் புட்டியைக் குலுக்கி வைத்தாள்:
எண்ணெயும் வினிகரும் கொஞ்ச நேரம் உறவாடி
அவரவர் மாடிக்குத் திரும்பின.
"தேனாக இருந்தால் வினிகருக்கும் கீழே குடியிருக்கும்,
பாதரசமாக இருந்தால் உன் சாவியே மிதந்திருக்கும்,
சுத்தச் சாராயத்தில் பனிக்கட்டியும் மூழ்கும்.
கனம் யாருக்கும் சொந்தமில்லை, ராமிரோ,
யார் பக்கத்தில் இருக்கிறோம் என்பதுதான்."
கப்பல் எப்படி, என்றேன்.
"அது உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு
தன் எடைக்கு ஏற்ற தண்ணீரை
நகரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறது.
உன் சாவி வெறும் பித்தளை.
அதற்கு இடம் கேட்கத் தெரியவில்லை."

மாலையில் கயிறுகள் அவிழ்ந்தன.
சில நாளில் அந்தக் கப்பல் முகத்துவாரம் தாண்டும்.
ஒரு மணி சோயாவும் இறக்காமல்
உப்பு அதை ஒரு சாண் தூக்கிப் பிடிக்கும்.
விலாவில் எங்கள் ஆற்றின் ஈரம்
பழுப்பு ஓரமாக வெளிவந்து காயும்;
அதைப் பார்க்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

புதுச் சாவி செய்துவிட்டேன்.
அவள் ஒயின் புட்டியின் தக்கையைத் தந்தாள், கட்டிக்கொள்ள.
வாளியில் போட்டுப் பார்த்தோம்:
ஒரு தக்கை, நேரே அடிக்குப் போனது.
இரண்டு, யோசித்து யோசித்துப் போனது.
மூன்றாவது கட்டியதும்
இலையருகே வந்து நின்றது.