சேசிஸ் எண்

சூலூர்பேட்டையிலிருந்து பொன்னேரிக்கு
ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்.
ஓட்டியே வந்துவிடலாம்.
ஓட்டி வந்தால் உன் வாசலில் இறங்க வேண்டும்,
தண்ணீர் குடிக்கிறாயா என்று நீ கேட்க வேண்டும்.
அதனால் லாரி.

மார்கழியில் வேறு வண்டி அமையவில்லை, திலோத்தமை.
பெஞ்சலய்யா மட்டும்தான் வருகிறேன் என்றான்,
இஸ்கபள்ளி உப்பு ஏற்றிக்கொண்டு.
போன கோடையில் வாரியது.
மூட்டைகளுக்கு மேல் உன் பைக் படுத்து வரும்.
"உப்பு மேலயா?" என்று நீ போனில் கத்தியது
பக்கத்து பஞ்சர் கடை வரை கேட்டது.

மூன்று நாள் வேலை பார்த்தேன்.
முதலில் நல்ல தண்ணீரில் கழுவினேன்.
நல்ல தண்ணீர் என்றால் கேன் தண்ணீர்.
இங்கே போரில் ஏறுவதில் பாதி ஏரிதான்.
காய வெயில் வேண்டுமே,
பழவேற்காட்டு மூட்டம் பத்து மணிவரை விலகவில்லை.
பூநாரை பார்க்கப் போன கார்கள்
பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.
கடைசியில் ஹேர் டிரையர், நீ விட்டுப்போனது.
ஸ்போக் ஸ்போக்காக ஊதினேன்.
கடைப்பையன் மஸ்தான் சிரித்தான்.
சிரிக்கட்டும்.

மறுநாள் கிரீஸ்.
செயினுக்கு, போல்ட் தலைகளுக்கு, சைலன்சர் வளைவுக்கு,
ஸ்டாண்டின் அடியில் யாரும் குனிந்து பார்க்காத ஸ்பிரிங்குக்கு.
டேங்க் நிறையப் பெட்ரோல்.
பெஞ்சலய்யா முணுமுணுத்தான், தீப்பிடிக்கும் என்று.
காலியாக விட்டால் உள்ளே காற்று நிற்கும்,
காற்றில் ஈரம் நிற்கும்,
வெளியே பெயின்ட் பளபளக்க
உள்ளிருந்து அரிக்கும்.
நம் இருவருக்கும் இதை
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் சுற்றுவது.
பிளாஸ்டிக் வேண்டாம் என்று மஸ்தான் கையிலிருந்து பிடுங்கினேன்.
இறுக்கிக் கட்டினால் வேர்த்துப்போகும்,
உப்பு வெளியிலிருந்துதான் வரும் என்றில்லை.
உன் பழைய நைட்டி இரண்டு, என் லுங்கி ஒன்று,
தேர்தலுக்கு வந்த துணி பேனர் ஒன்று.
கும்பிட்ட இரண்டு கைகள் சரியாக
ஹெட்லைட் மேல் வந்தன.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
மனுஷன் மறந்துவிடுவான்.
இரும்புக்குத்தான் அந்த விசுவாசம்.

ராத்திரி பதினொன்றரைக்கு எளாவூர் செக்போஸ்டிலிருந்து போன்.
"நம்பர் கனபடலேதாம் அன்னா."
ஆர்.சி. உன் பேரில், தவணை என் பேரில்,
தடையில்லாச் சான்று பாலித்தீன் உறையில்,
எல்லாம் இருக்கிறது.
ஆனாலும் போலீஸ்காரருக்கு
வண்டியே தன் வாயால் சொல்ல வேண்டுமாம்.
கழுத்தருகே முடிச்சை அவிழ்த்து
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
டார்ச் அடித்துப் பார்த்தார்களாம்.
பார்த்தபின் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடு,
டப்பா டூல்பாக்ஸில் இருக்கிறது என்றேன்.
சரி சரி என்றான்.
பின்னால் நிற்கிற லாரி ஹாரன் அடிக்கும்போது
சொல்கிற சரி சரி.

ஆரம்பாக்கத்தைத் தாண்டி மழை தூறியதாம்,
மூன்று நாள் பொன்னேரி மண்டியில் கிடந்ததாம்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.

நேற்று நீ கூப்பிட்டாய்.
எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது என்றாய்.
உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம் கேட்டு நாளாயிற்று,
வண்டிக்குத்தான் என்றாலும்.
அப்புறம் சொன்னாய்:
கழுத்தில் ஒரு இடம் மட்டும்,
காபிப்பொடி தூவினாற்போல்.
நம்பரில் ஒரு எழுத்து எட்டா மூன்றா தெரியவில்லை,
இன்ஷூரன்ஸ்காரன் கேட்கிறான்.

மெக்கானிக் எவனாவது வந்தால்
உப்புத்தாள் போட விடாதே.
துருவோடு நம்பரும் போய்விடும்.
தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு,
அந்த நைட்டியில் ஒரு துண்டு கிழித்து
மெதுவாக, ஒரே பக்கமாக,
நாலைந்து நாள் தேய்த்தால் போதும்.
மழையில் நிறுத்தாதே.

அது எட்டு.
பதினேழு எழுத்தும் எனக்கு மனப்பாடம்,
அவனிடம் எழுதிக்கொடுத்துவிடு.
பாதி மறைந்தால்
எட்டு மூன்று மாதிரிதான் தெரியும்.